ஓடும்போது சேர்த்த பட்டன்கள் மூடியதும் காணாமல் போகின்றன: பஸ் சீட் வரைபடத்தை எப்படிச் சேமிப்பது?

கோண்டாவில்காரி:

எல்லோருக்கும் வணக்கம். என் சித்தப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு பஸ் விடுகிறவர். சீட் புக்கிங் இன்னும் கொப்பியில்தான் நடக்கிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பக்கம், அடிமட்டம் வைத்துக் கட்டம் கீறி, பெயரும் போன் நம்பரும் பென்சிலால் எழுதி, ஆள் வரவில்லை என்றால் அழித்துவிட்டு வேறு ஆளைப் போடுகிறார்கள். இதைக் கொம்பியூட்டருக்கு மாற்றித் தருகிறேன் என்று பொறுப்பெடுத்திருக்கிறேன். எழுதுவது சி ஷார்ப் மொழியில், விண்டோஸ் திரைகள் செய்கிற விண்டோஸ் ஃபோர்ம்ஸில்.

பஸ்ஸுக்கு பஸ் சீட் அமைப்பு வேறு. ஒன்றில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சீட், கடைசி வரிசையில் மட்டும் ஐந்து. இன்னொன்றில் பின்கதவடியில் ஒரு சோடி சீட் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் டிசைனரில் (திரையை மவுஸால் வடிவமைக்கிற இடம்) தனி ஃபோர்ம் செய்தால் புது பஸ் வாங்கும்போதெல்லாம் நான் போய் நிற்க வேண்டும். அதனால் 'சீட் சேர்' என்று ஒரு பட்டன் வைத்தேன். அதை அழுத்தினால் பனலுக்குள் புதுப் பட்டன் ஒன்று வரும், அதை மவுஸால் இழுத்து வேண்டிய இடத்தில் விடலாம், வலது கிளிக் செய்தால் இலக்கத்தை மாற்றலாம். இவ்வளவும் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் மூடித் திறந்தால் பனல் வெறுமை, ஒரு சீட்டும் இல்லை.

பட்டன்களை ஒரு லிஸ்ட்டில் போட்டு எக்ஸ்எம்எல் ஆக எழுதப் பார்த்தேன், ஏதோ 'சைட்' என்ற உறுப்பை எழுத முடியாது, அது இன்டர்ஃபேஸ் என்று பிழை வருகிறது. ஃபோர்மை இருக்கிறபடியே சேமித்து, இருக்கிறபடியே திறக்க வழி இல்லையா?

பழைய விபிக்காரன்:

தங்கச்சி, முதலில் ஏன் காணாமல் போகிறது என்று விளங்கிக்கொள்ளுங்கோ. டிசைனரில் ஒரு பட்டனை இழுத்து வைத்தால் அது எங்கேயும் மாயமாகச் சேமிக்கப்படுவதில்லை. விஷுவல் ஸ்டூடியோ உங்களுக்குத் தெரியாமல் ஒரு டிசைனர் ஃபைலில் 'புது பட்டன் செய், இந்த இடத்தில் வை, இந்த எழுத்தைப் போடு' என்று சி ஷார்ப் வரிகளாகவே எழுதி வைக்கிறது. ஃபோர்ம் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த வரிகள் ஓடி பட்டன்கள் புதிதாகப் பிறக்கின்றன. நீங்கள் ஓடும்போது சேர்க்கிற பட்டனுக்கு அப்படி எழுதி வைக்க ஆளில்லை. மெமரியில் இருக்கும், மூடினால் போகும்.

விபி 6 (பழைய விஷுவல் பேசிக்) காலத்திலும் இதே கதைதான். அதில் கொன்ட்ரோல் அரே என்று ஒன்று இருந்தது. ஒரு பட்டனுக்கு இன்டெக்ஸ் 0 என்று கொடுத்துவிட்டு ஓடும்போது 1, 2, 3 என்று லோட் பண்ணலாம், எல்லாவற்றுக்கும் ஒரே கிளிக் புரொசீஜர், எந்த இன்டெக்ஸ் என்று அதுவே சொல்லும். புதிதாக லோட் ஆனது முதலில் மறைந்தே இருக்கும், விசிபிளை நாங்கள்தான் போட வேண்டும். அந்த வசதி நீங்கள் பாவிக்கிற சி ஷார்ப் ஓடுகிற டாட் நெட்டில் இல்லை. ஆனால் அதிலும் மூடினால் போனதுதான், இடத்தையும் எழுத்தையும் நாங்களே ஃபைலில் எழுதி வைத்து மீண்டும் லோட் பண்ணுவோம்.

வடமராட்சியான்:

அண்ணை சொன்னது சரி. அதற்கு மேல் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் கனக்கப் பேர் வழி மாறிப் போகிறார்கள்.

நீங்கள் பட்டனைச் சேமிக்கப் பார்க்கிறீர்கள். உங்களுக்குச் சேமிக்க வேண்டியது சீட். பட்டன் என்பது அந்தச் சீட்டைத் திரையில் காட்டுகிற ஒரு வழி, அவ்வளவுதான். பட்டனுக்குள் விண்டோஸ் கொடுத்த ஹாண்டில் (அடையாள எண்) இருக்கிறது, எந்தப் பனலுக்குள் இருக்கிறது என்ற தொடர்பு இருக்கிறது, கிளிக் பண்ணினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இணைப்பு இருக்கிறது. இவை ஒன்றும் நாளைக்குப் பயன்படாது. எக்ஸ்எம்எல் மறுத்ததும் இதனால்தான். ஒப்ஜெக்டை அப்படியே ஃபைலாக்குகிற பைனரி ஃபோர்மாட்டர் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். பட்டனை அது எப்போதும் ஏற்றதில்லை, பாதுகாப்புக் காரணத்துக்காக அதையே 2024 இல் வந்த டாட் நெட் 9 இலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சீட் என்று ஒரு கிளாஸ் எழுதுங்கோ. அதில் ஐடி, இலக்கம், எக்ஸ், வை, வகை. வகை என்றால் சாதாரண சீட், பெண்களுக்கென்று வைத்தது, மதகுருமார் சீட், நடத்துநர் சீட் இப்படி. அவ்வளவு போதும். பிறகு ஒரு சீட்டை வாங்கி ஒரு பட்டனைத் திருப்பித் தருகிற ஒரே ஒரு மெதட். அது பட்டனை உருவாக்கும், இலக்கத்தை எழுதும், இடத்தை வைக்கும், வகைக்கு ஏற்ற நிறத்தைப் போடும், கிளிக் இணைப்பைக் கொடுக்கும், பட்டனின் டேக் என்ற புரொப்பட்டியில் அந்தச் சீட்டையே போட்டு வைக்கும்.

'சீட் சேர்' அழுத்தினால்: புதுச் சீட்டை லிஸ்ட்டில் சேர், அந்த மெதட்டைக் கூப்பிடு, வருகிற பட்டனைப் பனலில் சேர். புரோகிராம் திறக்கும்போது: ஃபைலிலிருந்து லிஸ்ட்டை வாசி, ஒவ்வொன்றுக்கும் அதே மெதட்டைக் கூப்பிடு. இரண்டு இடத்திலும் ஒரே மெதட் என்பது முக்கியம். புதிதாகச் சேர்க்க ஒன்று, ஃபைலிலிருந்து எடுக்க இன்னொன்று என்று இரண்டு எழுதினால், ஒன்றில் வலது கிளிக் மெனுவை இணைத்திருப்பீர்கள், மற்றதில் விட்டிருப்பீர்கள். பிறகு 'புதுச் சீட்டில் மெனு வருகிறது, பழைய சீட்டில் வரவில்லை' என்று ஒரு பகல் முழுக்கத் தேடுவீர்கள்.

சேமிக்கும்போது பனலுக்குள் போய் பட்டன்களை எண்ணவும் வேண்டாம். லிஸ்ட்டை ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் ஃபைலாக எழுதுங்கோ, முடிந்தது.

கோண்டாவில்காரி:

மிக்க நன்றி அண்ணை. சொன்ன மாதிரி மாற்றினேன், மூடித் திறந்தாலும் சீட்டெல்லாம் வருகிறது! சித்தப்பா பார்த்துவிட்டு நல்ல சந்தோசம்.

இப்போது வேறு இரண்டு சிக்கல். முதலாவது, ஒரு முழு வரிசையை ஒரேயடியாகச் சேர்க்க ஃபோர் லூப் போட்டேன், கிளிக் இணைப்பை லாம்டாவாக (பெயரில்லாத சின்ன மெதட்) எழுதினேன். எந்தச் சீட்டை அழுத்தினாலும் ஒரே இலக்கம் காட்டுகிறது, அதுவும் அந்த வரிசையிலேயே இல்லாத இலக்கம். இரண்டாவது, சில நேரம் சேவ் பண்ணித் திறந்தால் சில சீட்டுகள் மேலே ஏறிப்போய் நிற்கின்றன, முதல் வரிசைச் சீட் ஒன்று பனலுக்கு வெளியே போய்ப் பாதிதான் தெரிகிறது. எப்போதும் இல்லை, சில நேரம் மட்டும்.

தென்மராட்சியான்:

முதலாவது லேசு. லாம்டா, லூப் மாறியின் பெறுமதியைப் பிடித்து வைப்பதில்லை, மாறியையே பிடித்து வைக்கிறது. நீங்கள் அழுத்தும்போது லூப் முடிந்து மாறி கடைசிப் பெறுமதியையும் தாண்டி நிற்கிறது, எல்லாப் பட்டனும் அந்த ஒரே மாறியைத்தான் பார்க்கின்றன. லூப்புக்குள்ளே ஒரு உள்ளூர் மாறிக்குப் பிரதி எடுத்து அதைப் பாவித்தால் சரியாகும். 2012 இல் சி ஷார்ப் 5 வந்தபோது ஃபோர் ஈச்சுக்கு இதைத் திருத்தினார்கள், சாதாரண ஃபோர் லூப்புக்கு இன்னும் பழைய மாதிரித்தான்.

ஆனால் வடமராட்சியான் டேக்கில் சீட்டைப் போடச் சொன்னதும் இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். லாம்டாவே வேண்டாம். எல்லாப் பட்டனுக்கும் ஒரே கிளிக் மெதட்டை இணையுங்கோ, அதற்குள் எது அழுத்தப்பட்டது என்று சொல்கிற 'சென்டர்' என்பதைப் பட்டனாக மாற்றி, டேக்கிலிருந்து சீட்டை எடுங்கோ. விபி டாட் நெட்டில் செய்கிறவர்களுக்கு: 'ஹாண்டில்ஸ்' என்று மெதட்டின் வாலில் எழுதுவது ஓடும்போது செய்த பட்டனுக்கு உதவாது, அட்ஹாண்ட்லர் பாவிக்க வேண்டும்.

இரண்டாவது டிபிஐ பிரச்சினையாக இருக்கும். உங்கள் மடிக்கணினியில் திரை அளவு 125 வீதம், அலுவலகக் கொம்பியூட்டரில் 100 வீதம் என்றால் பிக்சல் கணக்கு பொருந்தாது. 100 வீதத்தில் அங்குலத்துக்கு 96 புள்ளி, 125 இல் 120.

கோண்டாவில்காரி:

லூப் சிக்கல் தீர்ந்தது. ஆனால் இரண்டாவது ஒரே மடிக்கணினியிலேயே நடக்கிறது அண்ணை, இன்னும் அலுவலகத்துக்குக் கொண்டு போகவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். சின்ன பஸ்ஸுக்கு வருவதில்லை, நீளமான பஸ்ஸுக்குத்தான் வருகிறது.

வடமராட்சியான்:

நீளமான பஸ் என்றால் பனலில் ஸ்க்ரோல் வருகிறதுதானே? ஆட்டோஸ்க்ரோலைப் போட்டிருக்கிறீர்கள். அங்கேதான் பிழை.

ஸ்க்ரோல் உள்ள பனலில் பட்டனின் லொகேஷன், பனலின் உண்மையான தொடக்கத்திலிருந்து கணக்கிடப்படுவதில்லை, இப்போது கண்ணுக்குத் தெரிகிற மேல் விளிம்பிலிருந்து. பின் வரிசையைப் பார்க்கக் கீழே இறக்கினால், மேலே போன சீட்டுகளின் வை எண் மைனஸ் ஆகிவிடும். நீங்கள் ஒரு சீட்டை இழுத்து விட்டதும் அதன் லொகேஷனை வாசித்து சீட்டில் எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன், ஸ்க்ரோல் இறங்கியிருந்த நேரம் எழுதினால் அவ்வளவு தூரம் குறைத்து எழுதப்படும். சில நேரம் மட்டும் வருவதும் அதனால்தான். சோதித்துப் பாருங்கோ: பின் வரிசைக்கு இறக்கி, ஒரு சீட்டை மட்டும் சற்று நகர்த்தி, சேவ் பண்ணித் திறந்தால் அந்த ஒன்று மட்டும் மேலே ஏறியிருக்கும்.

திருத்தம்: எழுதும்போது லொகேஷனிலிருந்து ஆட்டோஸ்க்ரோல் பொசிஷனைக் கழியுங்கோ. அது மைனஸாகத்தான் வரும், ஆகவே கழித்தால் கூடும். ஸ்க்ரோல் இறங்கியிருக்கும்போது புதுச் சீட் சேர்த்தால் அதை வைக்கும் இடத்தில் அந்தப் பெறுமதியைக் கூட்ட வேண்டும்.

ஆனால் நான் இதைச் செய்யச் சொல்லமாட்டேன். பிக்சலையே சேமிக்க வேண்டாம். பஸ்ஸில் சீட் இருப்பது 'மேலிருந்து 212 ஆவது புள்ளியில்' இல்லையே, 'நாலாம் வரிசை, சாரதி பக்கம், யன்னலோரம்' என்றுதான் இருக்கிறது. வரிசையையும் நிரலையும் சேமியுங்கோ, வரையும்போது பெருக்கிப் பிக்சல் எடுங்கோ. பெருக்குகிற அளவைத் திரைக்கு ஏற்ப எடுத்தால் தென்மராட்சியான் சொன்ன 125 வீதப் பிரச்சினையும் அதோடு போய்விடும். இழுத்து விட்டதும் கிட்டிய கட்டத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், சீட்டுகள் கோணலாகவும் நிற்காது.

பழைய விபிக்காரன்:

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. உண்மையான பஸ்ஸுக்குள் ஒருக்கா ஏறிப் பாருங்கோ. கடைசி வரிசையில் ஐந்து சீட், நடுவில் வழி கிடையாது. முன்னுக்கு இரண்டிரண்டு, நடுவே வழி. சில்லுக்கு மேலே வருகிற சீட் மற்றதைவிடச் சற்று முன்னுக்கோ பின்னுக்கோ இருக்கும். சாரதி பக்கத்து வரிசையும் கதவுப் பக்கத்து வரிசையும் நேருக்கு நேர் வராது, கதவு அவ்வளவு இடத்தை எடுத்துவிடும். எல்லாவற்றையும் சதுரக் கட்டத்துக்குள் அடக்கினால், படத்தைப் பார்த்து சீட் கொடுக்கிறவருக்கும் பஸ்ஸில் ஏறுகிறவருக்கும் இடையில் வாக்குவாதம் வரும். கொப்பியில் கீறியவர்கள் அப்படியே உள்ளபடிதான் கீறினார்கள்.

வடமராட்சியான்:

நல்ல கேள்வி அண்ணை, நீங்கள் சொன்ன பஸ் உண்மையான பஸ்தான். அதற்கும் கட்டம் போதும், கட்டத்தைச் சின்னதாக்கினால் சரி. ஒரு சீட்டுக்கு அகலத்தில் இரண்டு கட்டம், நீளத்தில் இரண்டு கட்டம் என்று வைத்தால், அரைச் சீட் தூரம் முன்னுக்குப் பின்னுக்கு நகர்த்தலாம். நடுவழி ஒரு சீட் அகலம் என்று எடுத்தால் மொத்தம் 10 கட்டம் அகலம், இரண்டு இரண்டாக ஐந்து சீட்டும் கடைசி வரிசையில் நிறையும். சில்லுக்கு மேல் வருகிற சீட்டை ஒரு கட்டம் தள்ளலாம். அதற்குக் குறைந்த வித்தியாசம் புக்கிங் செய்கிறவருக்குத் தேவையில்லை.

தேவை என்றால் பிக்சலைச் சேமித்துக்கொண்டே டிபிஐயையும் ஸ்க்ரோலையும் கணக்கில் எடுங்கோ, அதுவும் வேலை செய்யும். எனக்கு இரண்டில் முதலாவதுதான் பிடிக்கும், ஏனென்றால் ஃபைலைத் திறந்து பார்த்தால் ஒரு மனிதனுக்கு விளங்கும்.

நல்லூரடி:

இதற்கு விண்டோஸ் ஃபோர்ம்ஸுக்குப் பதில் டபிள்யூபிஎஃப் என்ற மற்றத் திரை முறையைப் பாவித்தால் பாதிச் சோலி தானாகவே முடியும். ஐட்டம்ஸ் கொன்ட்ரோலுக்கு சீட் லிஸ்ட்டைக் கட்டிவிட்டால், லிஸ்ட்டில் ஒன்றைச் சேர்க்கும்போது திரையில் தானாக ஒன்று வரும், எடுத்தால் போகும். ஒரு சீட் எப்படித் தெரிய வேண்டும் என்று டெம்ப்ளேட் ஒன்றை எழுதினால் போதும், பட்டன் செய்கிற மெதட்டே தேவையில்லை. அங்கேயும் ஸாமல் ரைட்டரால் (டபிள்யூபிஎஃப் திரையை எழுத்தாக்குகிற கருவி) திரையை அப்படியே எழுதிச் சேமிக்கப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது எழுதும், ஆனால் கிளிக் இணைப்புகளையும் லிஸ்ட்டோடு உள்ள பைண்டிங்கையும் (தொடர்பு) விட்டுவிடும், ஆகவே பார்க்க ஒன்றுபோல இருக்கிற, உயிரில்லாத படம்தான் திரும்பி வரும். அதனால் வடமராட்சியான் சொன்னது எங்கே போனாலும் பொருந்தும்.

தொடங்கினதை விட்டுவிட்டு மாறச் சொல்லவில்லை தங்கச்சி. அடுத்த வேலைக்கு யோசியுங்கோ.

தீவகத்தான்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், என் கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான். மீன் வாங்குகிற வாடி ஒன்றுக்கு பில் போடுகிற புரோகிராம். ஒவ்வொரு வரியிலும் மீனின் பெயர், கிலோ, விலை, தொகை என்று நாலு டெக்ஸ்ட்பொக்ஸ். 'வரி சேர்' அழுத்தினால் இன்னும் நாலு வரும். நாளுக்குக் கனக்க வரி வரும்போது திரை தட்டுத் தடுமாறுகிறது, பெயர்களை வைத்து எந்த பொக்ஸ் எந்த வரி என்று கண்டுபிடிப்பதும் பெரிய தலையிடி.

தென்மராட்சியான்:

உங்களுக்கு ஓடும்போது சேர்க்கிற டைனமிக் கொன்ட்ரோலே தேவையில்லை அண்ணை. டேட்டாகிரிட்வியூ என்ற அட்டவணை ஒன்றை வையுங்கோ, பைண்டிங் லிஸ்ட்டை அதற்குக் கொடுங்கோ, வரி சேர்ப்பது அழிப்பது எல்லாம் அதுவே பார்க்கும். ஒவ்வொரு டெக்ஸ்ட்பொக்ஸும் விண்டோஸுக்கு ஒரு தனி விண்டோ, நூறு வரி என்றால் நானூறு விண்டோ. கிரிட் முழுவதும் ஒரே விண்டோ, கலங்களை அது வரைந்து காட்டுகிறது. ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வந்தால் கிரிட். இடம் அர்த்தமுள்ளதாக இருந்தால், பஸ் சீட் போல, மண்டபத்து மேசைகள் போல, அப்போது பட்டன்கள்.

தீவகத்தான்:

சரி, கிரிட்டுக்கு மாற்றிப் பார்க்கிறேன். நன்றி.

கோண்டாவில்காரி:

சின்னக் கட்ட முறையில் மாற்றிவிட்டேன், கடைசி வரிசையும் வடிவாக வருகிறது. இப்போது புக்கிங் பகுதிக்கு வந்திருக்கிறேன். சீட் கிளாஸிலேயே பயணியின் பெயர், போன் நம்பர், ஏறும் இடம் என்று சேர்த்து, புக் ஆனால் பட்டனைச் சிவப்பாக்கினேன். ஆனால் அடுத்த நாள் பயணத்துக்கும் அதே பெயர்கள் வருகின்றன. ஒவ்வொரு நாளும் பெயர்களை அழிக்கிற பட்டன் ஒன்று வைக்கட்டோ?

இன்னொன்று. அழுத்தினால் புக்கிங் திரை வர வேண்டும், இழுத்தால் நகர வேண்டும். இப்போது இழுத்து விட்டதும் புக்கிங் திரையும் வந்து நிற்கிறது.

வடமராட்சியான்:

பின்னதை முதலில் சொல்கிறேன். பட்டனை இழுத்து விடும்போதும் கிளிக் எழும்பத்தான் செய்யும். இழுத்த தூரத்தை அளந்து பிரிக்கலாம், ஆனால் உங்கள் அலுவலுக்கு அது தேவையில்லை. வரைபடம் மாற்றுவது எப்போதாவது நடக்கிற வேலை, புக்கிங் நாள் முழுக்க நடக்கிற வேலை. இரண்டையும் ஒரே திரையில் ஒரே நேரம் விடக்கூடாது. போனைக் காதில் வைத்துக்கொண்டு அவசரமாகச் சீட் போடுகிறவரின் கை சற்று வழுக்கினால் 14 ஆம் இலக்கச் சீட் சாரதி மடியில் போய் நிற்கும். 'வரைபடம் திருத்து' என்று தனி நிலை வையுங்கோ, அதில் மட்டும் இழுக்கும் இணைப்பு, மற்ற நேரம் கிளிக் இணைப்பு மட்டும்.

முன்னதுக்கு: அழிக்கிற பட்டன் வைக்கவே வேண்டாம். ஆள் வரவில்லை, காசைத் திருப்பித் தா என்று ஒரு வாரம் கழித்து யாராவது வந்து நிற்கும்போது அந்தப் பதிவு வேண்டும்.

நாலு விசயம் தனித்தனியாக இருக்கின்றன: சீட் வரைபடம், பஸ், பயணம், புக்கிங். ஒரே வரைபடம் இரண்டு பஸ்ஸுக்குப் பொருந்தலாம். பயணம் என்றால் இந்தத் திகதி, இந்தப் பஸ், யாழ்ப்பாணத்திலிருந்தா கொழும்பு வெள்ளவத்தையிலிருந்தா என்பது. புக்கிங் என்றால் இந்தப் பயணத்தில் இந்தச் சீட் இந்த ஆளுக்கு. திரை திறக்கும்போது வரைபடத்திலிருந்து பட்டன்களைச் செய்யுங்கோ, பிறகு அந்தப் பயணத்தின் புக்கிங்குகளை எடுத்து எந்தெந்தப் பட்டன் சிவப்பு என்று தீர்மானியுங்கோ. நிறம் எங்கேயும் சேமிக்கப்படக்கூடாது, அது புக்கிங் இருக்கிறதா இல்லையா என்பதிலிருந்து வருவது.

இந்த இடத்துக்கு வந்தபின் ஜேசன் ஃபைல் காணாது. எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸுக்குப் போங்கோ, அதுவும் ஒரே ஃபைல்தான், சேர்வர் தேவையில்லை. புக்கிங் டேபிளில் பயணமும் சீட்டும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று யுனிக் கட்டுப்பாடு போடுங்கோ. இரண்டு பேர் ஒரே சீட்டை விற்கப் பார்த்தால் இரண்டாவது தானாகவே மறுக்கப்படும். இதைக் கோடிங்கில் மட்டும் நம்பியிருக்க வேண்டாம், டேட்டாபேஸே காவல் நிற்கட்டும்.

தென்மராட்சியான்:

இதில் ஒரு சந்தேகம். புக்கிங்கில் சீட்டின் ஐடியையா, இலக்கத்தையா எழுதுவது? 'எனக்கு 7 ஆம் சீட்' என்றுதான் ஆட்கள் கேட்பார்கள், இலக்கத்தையே எழுதினால் லேசாக இருக்குமே.

வடமராட்சியான்:

ஐடி. சீட்டுக்குப் புது உறை போடும்போது இலக்கத்தை மாற்றி ஒட்டுவார்கள், அல்லது நடத்துநருக்கென்று ஒன்றை எடுத்துவிட்டு மற்றவற்றை மீண்டும் எண்ணுவார்கள். இலக்கத்தைக் கட்டி வைத்திருந்தால் ஏற்கெனவே விற்ற சீட்டெல்லாம் ஆள் மாறிவிடும். ஐடி என்பது ஒருவருக்கும் காட்டாத, ஒருபோதும் மாறாத ஒன்று.

பழைய விபிக்காரன்:

ஐடிக்கு நானும் ஓம். ஆனால் ஒரு இடத்தில் இலக்கமும் வேண்டும். டிக்கெட் அச்சடித்துக் கொடுத்தாயிற்று, அதில் 7 என்று இருக்கிறது. பிறகு வரைபடத்தில் அந்தச் சீட் 8 ஆகிவிட்டால் பயணியின் கையில் உள்ள தாள்தான் பேசும். ஆகவே புக்கிங் நடந்த நேரத்து இலக்கத்தையும் புக்கிங்கிலேயே பிரதி எடுத்து வையுங்கோ.

இன்னொரு விசயம், இது எங்கள் பாதையில் நடக்கிறது. பின்னேரம் பஸ் பழுதாகி வேறு பஸ் அனுப்புவார்கள். அதன் வரைபடம் வேறு. அப்போது அந்தப் பயணத்தின் ஆட்களை எல்லாம் புது வரைபடத்துக்கு மாற்ற வேண்டும்.

வடமராட்சியான்:

அண்ணை சொன்ன இலக்கப் பிரதி சரியான யோசனை, நானும் ஏற்கிறேன்.

பஸ் மாறுவதைப் புரோகிராம் தானாகச் செய்யக்கூடாது. இடது பக்கம் பழைய வரைபடம், வலது பக்கம் புதியது, அதே பட்டன் செய்கிற மெதட்டை இரண்டு பனலுக்கும் பாவியுங்கோ. ஒரே இலக்கம் உள்ளவர்களை அது முன்மொழியட்டும், மிச்சப் பேரை அலுவலகத்தில் இருக்கிறவர் இழுத்து வைக்கட்டும். எந்த அம்மாவுக்கு முன்சீட் வேண்டும், எந்தக் குடும்பத்தைப் பிரிக்கக்கூடாது என்பது அவருக்குத்தான் தெரியும்.

கோண்டாவில்காரி:

இதெல்லாம் நான் யோசிக்கவே இல்லாத பக்கம், நன்றி. அலுவலகத்தில் சோதனைக்கு வைத்தோம். காலையில் நன்றாக ஓடும், பயணம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே போனால் மாலையாகும்போது மந்தமாகி, கடைசியில் விண்டோ ஹாண்டில் உருவாக்க முடியவில்லை என்று பிழை வந்து மூடிவிடுகிறது. பயணம் மாற்றும்போது பனலின் கொன்ட்ரோல்களை கிளியர் பண்ணிவிட்டுத்தான் புதிதாகச் சேர்க்கிறேன்.

தென்மராட்சியான்:

கிளியர் பண்ணினால் பனலிலிருந்து கழன்றுபோகும், அழியாது. ஒவ்வொரு பட்டனையும் டிஸ்போஸ் பண்ண வேண்டும். ஒரு புரோகிராமுக்கு விண்டோஸ் வழமையாக விடுகிற எல்லை 10,000 யூசர் ஒப்ஜெக்ட் (ஒவ்வொரு பட்டனும் ஒன்றாக எண்ணப்படும்). ஐம்பது சீட் பஸ்ஸை இருநூறு தரம் மாற்றிப் பார்த்தால் அந்த எல்லைக்கு வந்துவிடுவீர்கள். டாஸ்க் மனேஜரில் டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் யூசர் ஒப்ஜெக்ட்ஸ் என்ற நிரலைச் சேர்த்துப் பாருங்கோ, ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போவது கண்ணுக்குத் தெரியும்.

டிஸ்போஸ் பண்ணும்போது ஃபோர் ஈச் போடாதீர்கள். டிஸ்போஸ் ஆன பட்டன் பனலிலிருந்தும் தானாகக் கழன்றுவிடும், எண்ணிக்கை காலுக்குக் கீழே குறையும், ஒன்றுவிட்டு ஒன்று தப்பி நிற்கும். கடைசி எண்ணிலிருந்து பூச்சியம் வரை பின்னோக்கி வாருங்கோ. தொடங்க முன் சஸ்பெண்ட் லேஅவுட், முடிந்ததும் ரெசியூம் லேஅவுட், அப்போது ஒவ்வொரு பட்டனுக்கும் பனல் தன் அடுக்கைத் திரும்பக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்காது.

இன்னும் நல்ல வழி, ஒரே வரைபடமுள்ள பயணத்துக்கு மாறினால் பட்டன்களை அழிக்கவே வேண்டாம், நிறத்தை மட்டும் மாற்றுங்கோ.

பழைய விபிக்காரன்:

டேட்டாபேஸ் ஃபைலை எங்கே வைத்திருக்கிறீர்கள்? புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் என்றால் உடனே மாற்றுங்கோ. விஸ்டாவுக்குப் பிறகு அங்கே சாதாரண பயனருக்கு எழுத அனுமதி இல்லை, பழைய 32 பிட் புரோகிராம் என்றால் விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் வேர்ச்சுவல் ஸ்டோர் என்ற வேறு ஃபோல்டருக்குத் திருப்பி விடும், பிறகு 'ஃபைல் இருக்கிறது ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை' என்று குழம்புவீர்கள். பொதுவான புரோகிராம் டேட்டாவுக்குள் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் செய்து, எல்லாப் பயனருக்கும் எழுத அனுமதி கொடுத்து அதில் வையுங்கோ.

கரண்டும் ஒரு விசயம். 2022 இல் மின்வெட்டால் பட்ட பாடு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எஸ்க்யூலைட்டில் ஒரு புக்கிங்கை ஒரு ட்ரான்ஸாக்ஷனாக எழுதினால் நடுவில் கரண்ட் போனாலும் முழுதாக இருக்கும், அல்லது இல்லவே இல்லாமல் இருக்கும். வரைபடத்தை இன்னும் ஜேசனில் வைத்திருந்தால் நேரடியாக மேலெழுத வேண்டாம், பக்கத்தில் ஒரு தற்காலிக ஃபைலில் முழுவதும் எழுதிவிட்டுப் பிறகு பெயரை மாற்றுங்கோ.

நல்லூரடி:

தமிழ்ப் பெயர்களைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அலுவலகத்தில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிப் பழகியவர்கள் இருந்தால் முதலே கவனியுங்கோ. பாமினியில் தட்டியது திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி. டெக்ஸ்ட்பொக்ஸில் அந்த எழுத்துருவைப் போட்டுச் சமாளிக்கலாம்தான், ஆனால் தேடினால் கிடைக்காது, அகர வரிசையும் வராது, டிக்கெட் அச்சடிக்கிற இடத்தில் எழுத்துரு மாறினால் பயணியின் பெயர் ஆங்கிலக் கிறுக்கலாக வரும். யூனிகோட்டிலேயே தட்ட வையுங்கோ. பாமினி விசைகளிலேயே தட்டி யூனிகோட் தருகிற கீபோர்ட்டுகள் இருக்கின்றன, அவர்களின் கைப்பழக்கத்தை மாற்றத் தேவையில்லை.

டாட் நெட்டின் ஜேசன் எழுத்தாளன் தமிழை நேரே எழுதாமல் எண்குறியீடாக எழுதி வைக்கும். பயப்பட வேண்டாம், வாசிக்கும்போது சரியாக வரும். ஃபைலைக் கண்ணால் வாசிக்க வேண்டும் என்றால் என்கோடர் ஒப்ஷனில் தமிழ் வீச்சையும் சேர்த்துக் கொடுங்கோ.

கோண்டாவில்காரி:

டிஸ்போஸ் பண்ணினதும் மந்தம் போய்விட்டது, யூசர் ஒப்ஜெக்ட் எண்ணிக்கை ஒரே இடத்தில் நிற்கிறது. ஃபைலையும் மாற்றி வைத்துவிட்டேன். பெயர்களை இன்னும் பாமினியில்தான் போடுகிறார்கள், கீபோர்ட்டை நாளைக்கு மாற்றிக் கொடுப்பேன்.

கடைசியாக ஒன்று. பஸ்ஸில் இரண்டு சீட்டை எடுத்துவிட்டு சாமான் வைக்க இடம் விடப் போகிறார்கள். வரைபடத்தில் அந்தச் சீட்டுகளை அழித்தால் போன மாதப் பயணங்களைத் திறக்கும்போது அதில் இருந்தவர்கள் காணாமல் போகிறார்கள்.

வடமராட்சியான்:

அழிக்க வேண்டாம். வரைபடத்தைத் திருத்தும்போது பழையதை விட்டுவிட்டுப் புதுப் பிரதி ஒன்றைச் செய்யுங்கோ, அதற்குப் புது ஐடி. பஸ் இன்றிலிருந்து புது வரைபடத்தைக் காட்டும். ஒவ்வொரு பயணமும் தான் உருவான நேரத்தில் எந்த வரைபடம் என்று தன்னிடமே எழுதி வைத்திருக்கும், ஆகவே போன மாதத்தைத் திறந்தால் போன மாதத்துப் பஸ்தான் தெரியும். ஏற்கெனவே புக்கிங் தொடங்கிய வரும் வாரப் பயணங்களுக்கு மட்டும், பஸ் மாறினால் செய்கிற அதே இரண்டு பனல் திரையைத் திறந்து அந்த இரண்டு சீட்டில் இருப்பவர்களை வேறிடத்துக்கு இழுத்து வையுங்கோ. புதிதாக ஒன்றும் எழுதத் தேவையில்லை.

கோண்டாவில்காரி:

ஓம் அண்ணை, விளங்குகிறது. பயண டேபிளில் வரைபட ஐடியைச் சேர்க்கிறேன். அந்த இரண்டு சீட்டிலும் வெள்ளிக்கிழமைப் பயணத்துக்கு ஆள் இருக்கிறது, சித்தப்பாவிடம் சொல்லி அவர்களுக்கு இன்றைக்கே போன் எடுக்கச் சொல்கிறேன்.